"ஆயா வீட்டுத் தரை மாதிரியே இருக்கு": பூக்கல் டிசைனைப் பதிவு செய்ய இந்தப் பாராட்டே தடையாகுமா?

கேள்வி: ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்

வணக்கம். செட்டிநாட்டு ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலை சிமெண்ட் கல்) பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்து அச்சுகளில்தான் இத்தனை வருடமும் வார்த்து வந்தோம். போன வருடம் முதல்முறையாக நானே ஒரு டிசைன் வரைந்தேன். பட்டறை வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூக் கொடிதான் மாதிரி. பழைய பூக்கல்லில் பூ கல்லின் நடுவில் உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் நான்கு கல் சேரும் மூலையில் பூவாகும். என்னுடைய கல்லில் பூ இரண்டாம்பட்சம், கொடிதான் முக்கியம். ஒரு கொடி இடது விளிம்பின் நடுவில் நுழைந்து மேல் விளிம்பின் நடுவில் வெளியேறும். இன்னொன்று வலதிலிருந்து கீழே இறங்கும். கல்லைக் கால் திருப்பு திருப்பிப் பதித்தால் கொடி வேறு வழியில் ஓடும். பட்டாலை (வீட்டுக் கூடம்) முழுக்கப் பதித்தாலும் அதன் போக்கை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த மெல்லிய இடைவெளிகளில் கலர் சிமெண்ட் கலவை ஒழுங்காக இறங்குவதற்காக அச்சை மூன்று தடவை மாற்றினேன்.

டிசைனை வேறு யாரும் காப்பி அடிக்காதபடி பதிவு செய்யலாம் என்று ஒருவரிடம் ஆலோசனைக்குப் போனேன். பழைய வீட்டுத் தரை ஒன்றின் படத்தைக் காட்டி, "இதேபோலத்தானே இருக்கிறது, தேறாது" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அந்தப் படத்தில் வளவிலிருந்து (நடு முற்றத்திலிருந்து) வெயில் சாய்ந்து விழுகிறது, தரை கண்ணாடியாக மின்னுகிறது. ஆனால் கோடு கோடாகப் பார்த்தால் என் கல்லுக்கும் அதற்கும் அரக்குச் சிவப்பும் பச்சையும் தவிர எதுவும் பொது இல்லை.

மனசு ஆறவில்லை. மூன்று கல்லை வரிசையாக வைத்தேன். முதலாவது என் புதுக் கல், நல்ல கண்ணாடியில் வார்த்தது. இரண்டாவது அப்பா காலத்து அச்சில் வார்த்த கல், அதுவும் நல்ல மினுமினுப்பு. மூன்றாவது, என் அச்சிலேயே கீறல் விழுந்த பழைய கண்ணாடியில், மங்கின கலரில் வார்த்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் கல்லின் பளபளப்பு அடியில் இருக்கும் கண்ணாடியிலிருந்து வருவது. கண்ணாடி மோசமானால் கல்லும் மங்கிவிடும்.

பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் "எந்த ரெண்டும் ஒன்று?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் முதல் இரண்டையும் சேர்த்தார்கள். ஒரே அச்சில் பிறந்த மூன்றாவது கல்லை "இது வேற" என்று தள்ளி வைத்தார்கள்! புதுக் கல்லைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, "எங்க ஆயா வீட்டுத் தரை மாதிரியே இருக்கு" என்றார்கள். அன்போடு சொன்ன பாராட்டுதான். அதையே ஆலோசகர் சொல்லும்போது என் உழைப்பு மொத்தமும் அடிபட்டுப் போகிறது.

அழகாக இருப்பதாலேயே ஒரு பொருள் பழையதுபோலத் தெரியுமா? பதிவுக்காகச் சோதிப்பவர் கண்ணும் இப்படித்தான் வேலை செய்யும் என்றால் நான் என்ன செய்வது?

பதில் 1: டிசைன் பதிவு வேலை பார்ப்பவர், சென்னை

அண்ணே, முதலில் ஒன்று. உறவுக்காரர்களிடம் காட்டினேன் என்கிறீர்களே, அதுதான் என்னைப் பதற வைக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியான டிசைனைப் பதிவு செய்ய முடியாது. இனி யாருக்கும் காட்டாதீர்கள், ஒரு கல்கூட விற்காதீர்கள், இங்கேயும் படம் போடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், முடிந்த பொருளைக் கண்ணால் மட்டுமே பார்த்து மதிப்பிடச் சொல்கிறது. ஏற்கெனவே தெரிந்த டிசைன்களிலிருந்தும் அவற்றின் சேர்க்கையிலிருந்தும் கணிசமாக வேறுபட்டால் போதும், அழகாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் பார்ப்பது மனிதக் கண் ஆயிற்றே. அடிக்கடி பார்த்ததன் மேல் பிரியம் வளரும் என்று 1968-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார். செட்டிநாட்டில் அது தலைகீழாகவும் நடக்கிறது என்று நினைக்கிறேன். பிரியம் வந்ததும் முன்பே பார்த்ததுபோலத் தோன்றிவிடுகிறது.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். 1871-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளிக் கரண்டிப் பிடிகளைப் பற்றிய ஒரு வழக்கில் கேட்டது இதுதான்: சாதாரணமாக வாங்க வருகிறவர், வழக்கமான கவனத்தோடு பார்த்தும், ஏமாந்து ஒன்றை மற்றொன்றாக நினைத்து வாங்கிவிடுவாரா? "ஒரே மாதிரி இருக்கிறதா" என்பதைவிட இது எவ்வளவோ கறாரான கேள்வி.

இன்னொரு விஷயம், வருத்தப்படாதீர்கள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பதித்துப் புதுக் கோலம் வரவைக்கும் யோசனை பழையது. பிரான்சில் ட்ரூஷே என்பவர் 1704-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். இரண்டு வளைவுகள் விளிம்பு நடுவில் சேரும் வகையை ஸிரில் ஸ்மித் 1987-இல் காட்டினார். அமைப்பு முறைக்கு நம் சட்டத்தில் பாதுகாப்பும் இல்லை. உங்களுக்கு உரியது அந்தச் சங்குப்பூக் கொடியின் உருவம்தான். விண்ணப்பத்தோடு கொடுக்கும் படத்தாளில் "மேற்பரப்பு வடிவத்தில் புதுமை" என்று எழுதி, வெயிலும் வீடும் இல்லாமல் ஒற்றைக் கல்லை நேர்மேலிருந்து எடுத்த படமாகக் கொடுங்கள். பதிவானால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5.

பதில் 2: கண்டாங்கி நெசவு வீட்டிலிருந்து

தம்பி, எங்களுக்கும் இதே கஷ்டம்தான். எங்கள் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப் பெயரைக் காக்கும், நான் போட்ட கட்டத்தைக் காக்காது. கடுகு மஞ்சளும் அரக்கும் சேர்ந்துவிட்டால் எந்தச் சேலையையும் "அதே சேலை" என்றுதான் சொல்வார்கள்.

என் மாமனார் இரண்டு சேலை ஒன்றா என்று பார்க்க வேண்டுமென்றால் முந்தியை மடித்து மறைத்துவிடுவார். முந்தி கண்ணைப் பிடித்து இழுத்துவிடும் என்பார். அப்புறம் ஊசி முனையால் ஒரு கட்டத்துக்குள் எத்தனை இழை என்று எண்ணுவார். நீங்களும் மூன்று கல்லையும் செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். கலர் போனால் பாதி மயக்கம் போய்விடும்.

பதில் 3: ஓவிய ஆசிரியர், ஓய்வு

ஒரு மாற்றுக் கருத்து. மயக்கம் என்று அழகை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். வாங்குகிறவர் கலரையும் மினுமினுப்பையும் பார்த்துத்தான் வாங்குகிறார். தப்பு நடப்பது, ஒரு குணம் மற்றக் குணங்களின் மதிப்பெண்ணையும் தூக்கிவிடும்போது. தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் எழுதியது இதைத்தான். நானும் பிள்ளைகளின் தாளில் சுத்தமான கோட்டைப் பார்த்து, கற்பனைக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். பிற்பாடு தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் திருத்தினேன். பூ பூவாகத் தெரியாது, கோடு மட்டும் தெரியும்.

கேட்டவர் மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. கல் எதுவும் விற்கவில்லை. மூன்றையும் சாக்கில் கட்டி உள்ளே வைத்துவிட்டேன். யார் யாருக்குக் காட்டினேன் என்பதைச் சென்னை நண்பரிடம் தனியாகச் சொல்கிறேன். ட்ரூஷே பற்றிப் படித்ததும் ஒரு நாள் சோர்ந்துதான் போனேன். ஆனால் கொடி என்னுடையதுதான்.

கறுப்பு வெள்ளையில் எடுத்ததும் முதல் கல்லும் மூன்றாம் கல்லும் உடன்பிறப்புகளாகத் தெரிந்தன. ஆனாலும் வாங்குகிறவர் கறுப்பு வெள்ளையில் பார்க்க மாட்டாரே என்று தோன்றியது. அதனால் கரண்டிப் பிடிக் கேள்வியை எங்கள் ஊர்க் கேள்வியாக மாற்றி அம்மாவிடம் கேட்டேன். "நம்ம பட்டாலையில ஒரு கல் உடைஞ்சா, இந்தப் புதுக் கல்லை அங்க ஒட்டலாமா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "எப்படிடா ஒட்டுறது? கொடி நாலு பக்கமும் முட்டிக்கிட்டு நிக்குமே."

மங்கின கல்லை எடுத்து, "புதுக் கல் பதிச்ச தரையில இதை ஒட்டலாமா?" என்றேன்.

"ஒட்டலாம். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சா கொஞ்ச நாள்ல சேந்துக்கும்."