உணர்வுண்ணியா, உணர்ச்சியுண்ணியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதரின் அச்சத்தையும் சினத்தையும் இரையாகக் கொள்ளும் வேற்றுக்கிரக உயிரியை அறிவியல் புனைகதை மொழிபெயர்ப்பில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: மனப்பேய், உணர்ச்சித்தின்னி, உணர்வுண்ணி, மெய்ப்பாட்டுண்ணி. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: உணர்ச்சியுண்ணி.

பேயை முதலில் வழியனுப்பிவிடலாம். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. அவற்றுக்கு வேண்டியது ஊனும் குருதியும். செத்தவனின் பயம் அந்தப் பானையில் விழுவதில்லை. தவிர, பேய் எப்படிச் செரிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் புனைகதையில் முதலில் எழும் கேள்வியே அதுதான்.

தின்னிக்கு முன்மாதிரி உண்டு. எறும்புத்தின்னி, பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். ஆனால் பெருந்தின்னியின் வசைநெடி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்ணி அப்படியில்லை. ஊனுண்ணி, தாவரவுண்ணி, அனைத்துண்ணி என்று பாடநூல்களிலேயே பழகிய வரிசை. புதியவரும் அதில் சிரமமின்றி அமர்ந்துவிடுவார். உண்ணி என்றால் மாட்டின் காதுமடலில் சாம்பல் மணிபோல் ஊதிக் கிடக்கும் சிறு பூச்சியல்லவா, ஒரு விண்கப்பலையே நடுங்கவைக்கும் மிருகத்துக்கு அது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிங்கமும் ஊனுண்ணிதான், அதனால் அது சிறுத்துப்போய்விடவில்லை. ஒட்டிக்கொண்டு, உறிஞ்சி, ஊதிப்போகும் அந்தப் பூச்சியின் சாயல் இந்த மிருகத்தின்மேல் சற்றே படிந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். உணர்ச்சியை எப்படி உண்பது என்ற தயக்கமும் வேண்டாம். துக்கத்தை மென்று விழுங்கும் மொழி நம்முடையது. கவலை ஆளைத் தின்கிறது என்றும் சொல்கிறோம். இங்கே வேறொன்று வந்து கவலையைத் தின்கிறது, அவ்வளவே.

இனி முக்கியமான சிக்கல். உணர்வுண்ணி நாவுக்கு இதமானது, ஈரெழுத்துக் குறைவும்கூட. நானும் முதலில் அதைத்தான் எழுதினேன். என் வரைவில் கப்பலின் மருத்துவர் சொல்கிறார்: “காயம் ஏதுமில்லை. நாடி சீராக இருக்கிறது. உணர்வுண்ணி தாக்கியிருக்கிறது.” படித்துப் பார்த்த நண்பர், “அப்படியானால் அவன் எப்போது கண் விழிப்பான்?” என்று கேட்டார். கதையில் அவன் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். தம்பி இறந்துபோன செய்தியைக் கேட்கிறான், முகம் அசையவில்லை. தேநீர் ஆறிவிட்டதா என்று விசாரிக்கிறான். உணர்விழந்து கிடந்தான் என்றால் நமக்கு மயக்கம்தான் நினைவுக்கு வருகிறது. புலனும் நினைவும் உணர்வுக்குள் அடங்கிவிடுகின்றன. உணர்ச்சி அச்சம், சினம், உவகை என்ற அளவில் நின்றுகொள்கிறது. ஈரெழுத்தை மிச்சம் பிடித்து நோயாளியை மயக்கத்தில் தள்ளவேண்டாம்.

மெய்ப்பாட்டுண்ணியை விட எனக்கு மனமே வரவில்லை. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கித் தருகிறது. மிருகத்துக்கு உணவுப் பட்டியலே தயார். ஆனால் மெய்ப்பாடு என்பது உடலில் வெளிப்பட்டுத் தெரிவது. பல்லைக் கடித்து மறைத்த பயத்தையும் மோப்பம் பிடிக்கும் உயிரிக்கு அது போதாது. எட்டையும் உட்பிரிவுப் பெயர்களுக்கு வைத்துக்கொள்வோம்: அச்சவுண்ணி, வெகுளியுண்ணி. நகையுண்ணி மட்டும் வேண்டாம், பெட்டியிலிருக்கும் வளையல்களுக்கு ஆபத்து என்று தோன்றிவிடும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் 1968ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில், இரு தரப்பாரிடையே பகையை மூட்டி அந்தப் பகையிலேயே வாழும் ஓர் உயிரி வருகிறது. கடைசியில் வாட்களைக் கீழே போட்டு, சிரித்தே அதை விரட்டுகிறார்கள். இங்கே மனிதரின் சினம் உண்ணப்பட்டுத் தீரவில்லை, பெருகுகிறது. எறும்பு அசுவினிப் பூச்சியைத் தடவிக்கொடுத்து இனிப்பு நீரைக் கறந்துகொள்வது போன்ற ஏற்பாடு. இதையும் உண்ணி என்றே சொல்லலாமா? உணர்ச்சிமேய்ப்பன் என்று எழுதிப் பார்த்தேன். கையில் கோலோடு யாரோ சாந்தமாக நிற்பதுபோல் இருக்கிறது. உணர்ச்சிகறப்பான் படிக்கவே கூசுகிறது. யாருக்காவது வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள், என் மொழிபெயர்ப்பின் மூன்றாம் அத்தியாயம் அதற்காகத்தான் காத்திருக்கிறது.