ரோமைக் கவிழ்த்தது மிளகா?

செம்புக்காசு: "ரோமாபுரியின் தங்கத்தை எல்லாம் நம் மிளகு உறிஞ்சிவிட்டது, அதனால்தான் பேரரசு சரிந்தது" என்று கடலோடி வேறொரு இழையில் எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு! இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) கொண்டுபோகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியது கி.பி. 77 வாக்கில். மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் ரோமுலஸ் அகஸ்டுலஸைப் படைத்தலைவன் ஒடோவாக்கர் அரியணையிலிருந்து இறக்கியது 476-ல். நடுவில் 400 ஆண்டுகள். கடனில் மூழ்கியவன் இத்தனை தலைமுறை கழித்தா மஞ்சள் கடுதாசி கொடுப்பான்?

கடலோடி: ஆண்டுக்கணக்கு இவ்வளவு தெரிந்தவருக்கு அலாரிக்கைத் தெரியாதா? 410-ல் ரோமை முற்றுகையிட்ட அந்தக் கோத்தியத் தலைவன் கேட்டது 5000 ராத்தல் தங்கம், 30000 ராத்தல் வெள்ளி, 3000 ராத்தல் மிளகு. பொன்னோடு சேர்த்து மிளகு! இதற்குப் பதில் சொல்லுங்கள் தம்பி.

செம்புக்காசு: முதலில், நான் உங்களுக்குத் தம்பி அல்ல. அடுத்து, அது 408. 410-ல் அவன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, உள்ளே புகுந்து மூன்று நாள் கொள்ளையடித்தான். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். 3000 ராத்தல் ஒரு டன்கூட வராது. ஒரு சிறிய லாரிச் சுமை மிளகில் பேரரசு கவிழ்ந்ததா?

கடலோடி: 408, 410 என்று இரண்டு ஆண்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். மிளகு கேட்டானா இல்லையா?

நூலகப்பூனை: கேட்டான் ஐயா, கேட்டான். ஆனால் அது எதை நிரூபிக்கிறது? வியன்னாவில் இருக்கும் முசிறி ஒப்பந்தப் பாப்பிரஸை, அதாவது முசிறித் துறைமுகச் சரக்குக்கான ஒப்பந்தம் எழுதிய நாணல்தாளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2-ஆம் நூற்றாண்டு, ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலின் சரக்கு. அப்படி வந்த சரக்குக்கு ரோமானிய அரசு வாங்கிய சுங்கம் நான்கில் ஒரு பங்கு. தனியார் தங்கம் வெளியே போனது உண்மை. கருவூலத்துக்கு வருமானம் வந்ததும் உண்மை.

கடலோடி: யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது என்று அகநானூறே சொல்கிறது. பாப்பிரஸ்தான் பெரிதா?

பெரியாற்றுக்கரை: "நம் மிளகு, நம் முசிறி" என்கிறீர்களே, அந்தத் துறைமுகம் பெரியாற்று முகத்துவாரத்துப் பக்கம், இன்றைய கேரளத்தில். மிளகு விளைந்ததும் எங்கள் மலையில்தான்.

கடலோடி: சேரனின் துறைமுகம் அது. அன்று அங்கே என்ன மொழி பேசினார்கள் என்று தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

கரூர்க்காரன்: முசிறி திருச்சி மாவட்டத்தில் அல்லவா இருக்கிறது? நான் பஸ்ஸில் போயிருக்கிறேனே.

நூலகப்பூனை: அது வேறு முசிறி அண்ணா. அங்கே போனால் காவிரி கிடைக்கும், ஹெர்மப்பொல்லோன் வராது.

செம்புக்காசு: இழையைத் திருச்சிக்கு ஓட்டிப்போகாதீர்கள். காசைப் பேசலாம், அதுதான் என் வேலை. கோயம்புத்தூர் வட்டாரத்துப் புதையல்களில் கிடைக்கும் வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை ஆகஸ்டஸ், டைபீரியஸ் என்ற பேரரசர்கள் காலத்தவை. அவர்கள் காலத்தில் ரோம் ஓகோ என்று இருந்தது. காசில் வெள்ளியைக் குறைக்கத் தொடங்கியவன் நீரோ, 64-ல். 270 வாக்கில் வெள்ளி 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி, செம்பின் மேல் பூச்சாகிவிட்டது. ஏன்? 235 முதல் 284 வரை படைத்தலைவன் ஒவ்வொருவனும் தன்னைப் பேரரசன் என்றான். வீரர்களுக்குக் கூலியை அள்ளிக் கொடுத்தான். மிளகு வாங்கியதாலா?

அதையும் தாண்டியது ரோம். தாண்ட முடியாதது 439. கெய்செரிக் என்ற அரசனின் வாண்டல் இனத்தார் வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜைப் பிடித்தார்கள். அங்கிருந்து வந்த தானியமும் வரியும் கைவிட்டுப் போயின. வரி இல்லை, ஆகவே படை இல்லை. 468-ல் மீட்கப் போன பெரும் கடற்படையைத் தீக்கப்பல் விட்டு எரித்தான் கெய்செரிக். எட்டே ஆண்டில் கதை முடிந்தது.

கடலோடி: நீண்ட சொற்பொழிவு. 3000 ராத்தலுக்கு மட்டும் பதிலைக் காணோம்.

செம்புக்காசு: சொன்னேனே, ஒரு டன்கூட இல்லை! இன்னொன்றும் கேளுங்கள். மிளகு ரோமுக்கு எந்த வழியாகப் போனது? செங்கடல், எகிப்து, அலெக்சாந்திரியா. பேரரசு கிழக்கு, மேற்கு என்று பிரிந்தபோது எகிப்து கிழக்கின் பங்கு. மிளகு கவிழ்க்கும் என்றால் முதலில் கவிழ்ந்திருக்க வேண்டியது கிழக்கின் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள். அது 1453 வரை நின்றது.

கடலோடி: நின்றது என்றா சொல்கிறீர்கள்? 1204-ல் சிலுவைப் போர்க்காரர்கள் அதைச் சூறையாடியது நினைவில்லையோ? சோழர் கடற்படை இழையிலும் இப்படித்தான், வேண்டியதை மட்டும் எடுத்துவைத்தீர்கள்.

செம்புக்காசு: அந்த இழையில் படத்தைத் தலைகீழாகப் போட்டுக் கல்வெட்டு என்று வாதாடியவர் யார்?

கடலோடி: அது கைப்பேசியின் கோளாறு. அன்றே விளக்கம் எழுதினேன்.

பெரியாற்றுக்கரை: எங்கள் மிளகுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

நூலகப்பூனை: முற்றுகையில் பட்டினி கிடந்த ஊர், கோயில் சிலைகளை உருக்கி அலாரிக் கேட்ட பணயத்தை நேர்செய்தது. நீங்கள் எல்லோரும் மிளகையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடலோடி: எண்ணிக்கொண்டுதான் இருப்பேன் அம்மா. 3000 ராத்தல். 410.

செம்புக்காசு: 408!

கரூர்க்காரன்: திருச்சி முசிறியிலும் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறதா? யாராவது சொல்லுங்கள்.