புதுப்பிப்பு: நிதி நேர்முகம் முடிந்தது

கையாலேயே தேயிலை தயாரிக்கும் எங்கள் தொழிலுக்கு வளர்ச்சி நிதி கேட்டுப் போகிறேன், நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று போன மாசம் ஹட்டனிலிருந்து கேட்டிருந்தேனே, போய் வந்தாச்சு.

ஸ்லைடுகளை ஒருவரும் சட்டை செய்யவில்லை. (மூன்று ராத்திரி வீண்.) எடுத்த எடுப்பிலேயே, "கிலோவுக்கு அடக்க விலை என்ன?" ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து, விறகு, பை, பஸ் செலவு என்று அடுக்கினேன். நடுவர்களில் கண்ணாடி போட்ட அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒங்க சம்பளம் எங்க தம்பி?"

போடவே இல்லை. அக்காவின் கூலியும் இல்லை. சேர்த்தால் லாபம் பாதிக்கு மேல் கரைகிறது. நியாயமான கேள்விதான்.

திரும்ப வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டார்கள். காசு தேயிலையைக் காயவைக்கும் உலர்த்தி வாங்க என்றதும் அதற்கான விலைக் கோட்டேஷன் கேட்டார்கள். நல்லவேளை, ஃபைலில் இருந்தது. முடிவு இன்னும் வரவில்லை.