யமாஷிதா தூக்கிலிடப்பட்டது சிங்கப்பூருக்காகவா?

தேன்மொழி:
சென்ற வாரம் அம்மாவை சிங்கப்பூர் புக்கித் தீமாவில் உள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனேன். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்த அறையில் வெகுநேரம் நின்றோம். அங்கிருக்கும் மேசை நகல்தானாம். அசல் கான்பராவில் இருக்கிறது. திரும்பும்போது அம்மா கேட்டார்: "இங்கே சீனர்களைக் கொன்ற சூக் சிங் படுகொலைக்காகத்தானே யமாஷிதாவைத் தூக்கில் போட்டார்கள்?" ஆமாம் என்றேன். சரியாகச் சொன்னேனா?

மாறன்:
இல்லை, தேன்மொழி. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மை தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவரை விசாரித்தது மணிலாவில், பிற்பாடு அவர் தளபதியாக இருந்த பிலிப்பைன்ஸில் நடந்த கொடுமைகளுக்காக. 1945 பிப்ரவரியில் மணிலாவில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். அப்போது யமாஷிதா வடக்கே பாகியோ மலையில் இருந்தார். நகரத்தில் நின்று போரிட்டவை பெரும்பாலும் இவாபூச்சி என்ற கடற்படை அதிகாரியின் படைகள்.

வழக்கு நடந்த விதத்தைப் பாருங்கள். நீதிபதிகளாக அமர்ந்தவர்கள் ஐந்து அமெரிக்கத் தளபதிகள். ஒருவரும் வழக்கறிஞர் அல்லர். முதலில் 64 குற்றச்சாட்டுகள். அக்டோபர் 29 அன்று விசாரணை தொடங்கும்போது மேலும் 59 சேர்த்தார்கள். ஆயத்தம் செய்ய அவகாசம் வேண்டும் என்று அவருக்காக வாதாடிய அமெரிக்க அதிகாரிகளே மன்றாடினார்கள், கிடைக்கவில்லை. டிசம்பர் 7 அன்று மரண தண்டனை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கிலிட்டார்கள்.

செல்வம்:
மாறன் அண்ணா, அவர்மேல் இவ்வளவு இரக்கமா? தன் படையை அடக்காத தளபதி வேறு எதற்குத் தளபதி?

மாறன்:
இரக்கம் இல்லை, தம்பி. தளபதிக்குப் பொறுப்பு உண்டு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் உத்தரவிட்டார் என்றோ, அறிந்திருந்தார் என்றோகூடக் குற்றம் சாட்டப்படவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி மர்பி தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அதுதான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் சிங்கப்பூர் விஷயம் அப்படியல்ல. சீன ஆண்களை வடிகட்டிக் கொல்லும் நடவடிக்கைக்கு உத்தரவு போனது அவருடைய 25-ஆம் படையின் தலைமையிலிருந்து. அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்திருக்க வேண்டியது இங்கேதான். 1947-இல் சிங்கப்பூரில் அந்த வழக்கு நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. குற்றவாளிகளான ஏழு பேரில் கவமுரா, ஓயிஷி இருவருக்கு மட்டுமே தூக்கு; மற்ற ஐவருக்கு ஆயுள் தண்டனை.

தேன்மொழி:
நன்றி அண்ணா. அம்மாவிடம் சொன்னேன். "அப்படியென்றால் திட்டம் போட்டவன் யார்?" என்கிறார்.

மாறன்:
அம்மா கேட்பது சரியான கேள்வி. அதற்கு முன்னின்றவர் என்று சொல்லப்படுவது யமாஷிதாவின் படைத் தலைமையகத்தில் இருந்த சூஜி மசனோபு. போர் முடிந்ததும் தலைமறைவானார். அவர்மேல் வழக்கே நடக்கவில்லை. 1952-இல் ஜப்பானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பீச் ரோடு நினைவுத் தூண்களின் அடியில் 606 தாழிகளில் ஜப்பானிய ஆட்சியில் மாண்ட பொதுமக்களின் எலும்புகள் இருக்கின்றன, தேன்மொழி. அடுத்த முறை அம்மாவை அங்கேயும் அழைத்துப் போங்கள்.