கிராப்பி மீனுக்கு எட்டு ராட் ட்ரோலிங்: திரும்பினாலே சிக்கிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

மெம்பிஸ்வாசி:
வணக்கம். மெம்பிஸிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான் என்பதால் இந்தக் கோடை முழுக்க மச்சானும் நானும் மிசிசிப்பியிலுள்ள சார்டிஸ் ஏரிக்குத்தான் ட்ரோலிங்குக்கு (ஓடும் படகுக்குப் பின்னால் இரையை இழுத்து மீன் பிடிப்பது) போகிறோம். 17 அடி அலுமினியப் படகு, முன்னால் ஜிபிஎஸ் உள்ள ட்ரோலிங் மோட்டார். அங்கே ஆளுக்கு 4 ராட் வரை போடலாம் என்பதால் பக்கத்துக்கு நான்காக எட்டு ராட், எல்லாமே 8 அடி, எல்லாவற்றிலும் பேண்டிட் 300 (இழுத்தால் ஆடிக்கொண்டே ஆழம் போகும் கிராங்க்பெயிட் என்ற செயற்கை இரை), 10 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழைத் தூண்டில் நரம்பு). நேராகப் போகும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. படகைத் திருப்பினால் உள்பக்கத்து நரம்பு நான்கும் பின்னிக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராங்க்பெயிட்டிலும் இரண்டு மும்முனை முள் இருப்பதால் பிரித்தெடுப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. இன்னொன்று, கடித்த மீனில் பாதி படகுக்குப் பக்கத்தில் வந்து கழன்றுவிடுகிறது. ராட்டைக் குறைத்துவிடலாம் என்கிறான் மச்சான், எனக்கு மனசில்லை.

கிரனேடாக்காரன்:
குறைக்காதீர்கள் தம்பி. எட்டும் ஒரே நீளத்தில் இருப்பதுதான் கோளாறு. பக்கத்துக்கு நான்கு என்றால் முன்னால் 14 அடி, அடுத்து 12, 10, கடைசியில் 8 என்று இறங்கு வரிசையில் வையுங்கள், நரம்புகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளி தானாகக் கிடைக்கும். இங்கே மிசிசிப்பியில் பலர் 16 அடி வரை வைக்கிறார்கள்.

அடுத்தது, யாரும் கவனிக்காத விஷயம். ஒவ்வொரு கிராங்க்பெயிட்டையும் தண்ணீரில் விடும் முன் படகோரமாக நான்கைந்து அடி நரம்பில் இழுத்துப் பாருங்கள். நேராக ஆடிக்கொண்டு வர வேண்டும். இடது பக்கம் ஒதுங்கினால், அதன் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நரம்பு கட்டும் வளையத்தைக் குறட்டால் வலது பக்கம் கொஞ்சம், நிஜமாகவே கொஞ்சம்தான், வளையுங்கள். திரும்ப இழுத்துப் பாருங்கள். புதிதாக அட்டையிலிருந்து எடுத்ததுகூட ஒதுங்கும். 100 அடிக்குப் பின்னால் ஒன்று ஒதுங்கினால் பக்கத்து நரம்பு மேலேதான் போய் விழும், நாமோ திருப்பத்தின் மேல் பழி போடுவோம்.

திருப்பத்தை ஏரி அகலத்துக்கு எடுங்கள். அப்போது இன்னொரு லாபம் உண்டு: உள்பக்கத்து பெயிட் வேகம் குறைந்து மேலே எழும், வெளிப்பக்கத்தது வேகமாகி ஆழம் போகும். மீன் எந்தப் பக்கத்து ராட்டில் கடிக்கிறது என்று பார்த்துக்கொண்டால் அன்றைக்கு அதற்குப் பிடித்த வேகம் தெரிந்துவிடும். எட்டு ராட் போடுவதே இதற்காகத்தான். மணிக்கு 1.5 முதல் 2 மைலுக்குள் ஆரம்பியுங்கள், உள்பக்கம் கடித்தால் கொஞ்சம் குறையுங்கள்.

லிட்டில்ராக் அக்கா:
மீன் கழல்வதைப் பற்றி நான் சொல்கிறேன். கிராப்பியின் வாய்த்தோல் காகிதம் மாதிரி, வெட்டி இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். படகு ஓடும் வேகத்திலேயே முள் ஏறிவிடுவதால் நீங்கள் தனியாகச் சுண்டவே வேண்டாம். நுனி நன்றாக வளையும் ராட் வேண்டும், டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) தளர்த்தி வையுங்கள், ஒரே சீராகச் சுற்றுங்கள். மோனோவின் இழுவைத்தன்மை இங்கே உதவுகிறது, அதை மாற்றிப் பின்னல் நரம்புக்குப் போகாதீர்கள். மீன் மாட்டியதும் படகை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் நரம்பு தொய்ந்து அதுவும் கழன்றுவிடும், மற்ற ஏழும் மிதந்து மேலே வந்து ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஒருத்தர் சுற்ற, இன்னொருத்தர் நீளப் பிடி வைத்த கை வலையைத் தண்ணீருக்குள் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். தூக்கிப் படகில் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மெம்பிஸ்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஆழத்தை எப்படிப் பிரிப்பது? இப்போது எல்லாவற்றையும் 100 அடி விடுகிறோம்.

கிரனேடாக்காரன்:
ரீலில் லைன் கவுண்டர் (எத்தனை அடி நரம்பு விட்டோம் என்று காட்டுவது) இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள், கடித்த ஆழத்துக்கு அதே பெயிட்டைத் திரும்ப அனுப்ப வேறு வழி கிடையாது. 60, 80, 100, 120 என்று பிரித்து விடுங்கள். நரம்பு கூடினால் ஓர் எல்லை வரை ஆழமும் கூடும். சோனாரில் (தண்ணீருக்குள் மீனைக் காட்டும் கருவி) மீன் தெரியும் ஆழத்துக்கு ஓரடி ஈரடி மேலேயே ஓடட்டும், கிராப்பி மேலே பார்த்து இரை எடுக்கும், கீழே ஓடுவதைச் சீண்டாது. எது கடிக்கிறதோ அந்த நீளத்துக்கு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதுவரை நிறத்தைத் தொடாதீர்கள், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

லிட்டில்ராக் அக்கா:
இன்னும் ஒன்று. சார்டிஸில் 12 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். அளவுப் பலகையை வலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கோடை வெந்நீரில் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்து விட்டால் பிழைக்காது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் கிளம்பும் முன் மாநில வனவிலங்குத் துறையின் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள்.