மாதவிடாய் நிற்கும் பருவத்து மனநல ஆய்வு: நிதி விண்ணப்பத்தை எந்தப் பிரிவில் போடுவது?

வணக்கம். இரண்டு முறை போட்டும் நிதி கிடைக்கவில்லை. மனநலக் குழு 'இது மகளிர் நலம்' என்கிறது; அங்கே போட்டால் 'மனநலத்துக்கு அனுப்புங்கள்' என்கிறார்கள்.

ஆய்வு மதுரை மாவட்டத்தில். 40 முதல் 55 வயதுப் பெண்கள் 300 பேர், 24 மாதம், 28 லட்சம் ரூபாய். பெரும்பகுதி களப்பணியாளர் சம்பளம். மாதவிடாய் நிற்பதன் நிலைகளைப் பிரிப்பது ஸ்ட்ரா+10 (STRAW+10) என்ற சர்வதேச வகைப்பாட்டின்படி: 60 நாளோ அதற்கு மேலோ மாதவிடாய் வராவிட்டால் மாற்றத்தின் பிந்தைய கட்டம். எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். இந்தப் பருவத்தில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு தடவை பார்ப்பது வெறும் செலவு.

முதல் முறை வந்த குறை நியாயமானதுதான். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் தூக்கத்துக்கு ஒரு கேள்வி, சோர்வுக்கு ஒன்று, தலா 3 மதிப்பெண் வரை. இரவில் நைட்டி நனைய வியர்த்து எழுந்து உட்காருகிறவருக்கு மனச்சோர்வு இல்லாமலே 6 விழுந்துவிடும், வெட்டுப்புள்ளியோ 10. அதனால் மாதவிடாய் நிற்கும் பருவத்து அறிகுறிகளை அளக்கும் எம்ஆர்எஸ் அளவுகோலையும், பிஎச்க்யூ-9இல் 10ஐ எட்டுகிறவர்களுக்கு மனநல மருத்துவர் நேர்காணலையும் சேர்த்தோம். மகப்பேறு மருத்துவர் ஒருவரை இணை ஆய்வாளராக்கினோம், தலைப்பை மாற்றினோம், 35 லட்சத்தை 28 ஆக்கினோம். இரண்டாம் முறை முறையியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, 'பிரிவு பொருந்தவில்லை' மட்டும்தான்.

இப்படி இரண்டு துறைக்கும் நடுவே நிற்கும் ஆய்வுக்கு இந்தியாவில் நிதி வாங்கியவர்கள், எந்தத் திட்டத்தில், எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பித்தீர்கள்?