கைபேசியில் வாசிப்பது வாசிப்பாகுமா?

உட்துறைமுகத்தான்:
ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று பாடசாலைதோறும் பதாகை கட்டுகிறோம். திருகோணமலை நகரில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, பிள்ளைகளின் வாசிப்பு ஆழம் குறைந்துவருவது கண்கூடாகத் தெரிகிறது. ஒரு கட்டுரையை வட்ஸ்அப்பில் அனுப்பினால் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறது. அதையே அச்சிட்டுக் கொடுத்தால் பென்சிலால் கோடிட்டு, விளங்காத பந்திக்குத் திரும்பி வருகிறார்கள். 2000 முதல் 2017 வரையான 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த பகுப்பாய்வும், தாளில் வாசித்தவர்களே கூடுதலாக விளங்கிக்கொண்டதாகக் காட்டியது.

கொட்டியாரத்தாள்:
ஐயா, அந்தப் பகுப்பாய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். தகவல் சார்ந்த பகுதிகள் உள்ள வாசிப்பிலேயே தாளின் மேன்மை தெரிந்தது; நேரம் மட்டுப்படுத்தப்பட்டபோது அது இன்னும் கூடியது. கதைகளை மட்டும் வாசித்தபோது வேறுபாடு காணப்படவில்லை. நான் மூதூரில் வளர்ந்தவள். பாடப்புத்தகம் தவிர வேறொரு புத்தகம் வேண்டுமென்றால், கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் நகருக்கு வர வேண்டியிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இன்று எங்கள் ஊர்ப் பிள்ளை, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலக இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளைக் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் இருந்தன. அந்த இழப்பை அறிந்த நாம் திரையைப் பகையாகப் பார்க்கலாமா?

உட்துறைமுகத்தான்:
தங்கச்சி, பாதுகாப்பது வேறு, வாசிப்பது வேறு. எண்ணிம நூலகத்தின் அருமையை நான் மறுக்கவில்லை. பதிவிறக்கிய பிடிஎப்களைத் திறந்துகூடப் பார்க்காமல் சேர்த்து வைப்பதும், ஒரு பக்கம் முடியுமுன் நாலு அறிவித்தல்கள் வந்து கவனத்தைப் பறிப்பதுமே என் கவலை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டியது தகவல் சார்ந்த வாசிப்புத்தானே? நீங்கள் சொன்ன மறுபாதி என் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது.

நிலாவெளி வாசகர்:
கண்பார்வை மங்கிய எனக்கு, எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கும் வசதி கிடைத்திராவிட்டால் பத்திரிகை வாசிப்பே நின்றிருக்கும். இதையும் கணக்கில் எடுங்கள்.

கொட்டியாரத்தாள்:
கவனம் சிதறுவது உண்மைதான், ஐயா. ஆனால் அச்சிட்டுக் கொடுக்க எல்லாரிடமும் வசதி உண்டா? 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. எங்கள் வாசிகசாலையில் மாலையில் கூடும் பிள்ளைகள், கைபேசியில் டேட்டாவை நிறுத்திவிட்டு, முன்னரே பதிவிறக்கிய சிறுகதையை ஆளுக்கொரு பக்கமாக உரத்து வாசிக்கிறார்கள். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள். நீங்கள் தாளில் காணும் அந்தத் திரும்பிப் பார்த்தல் திரையிலும் நடக்கிறது. அருகில் ஒருவர் இருந்து பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

உட்துறைமுகத்தான்:
உரத்து வாசிக்கும் முறையை என் வகுப்பிலும் செய்து பார்க்கிறேன். ஆனால் பரீட்சைக்குரிய உரைப்பகுதிகளை அச்சிட்டே கொடுப்பேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீங்கள் வாசிக்கக் கொடுக்கும் சிறுகதைகளின் பட்டியலை இங்கே பதிவிடுங்கள்.